முதல் மிஷன் பயணம்: பிள்ளைகளுக்கும் தெருவோரத்து மக்களுக்கும் ஊழியம் செய்யக் கிளம்புகிறவர்களுக்கு

சபையில் அறிவிப்பு வந்தது, நீங்களும் பெயர் கொடுத்துவிட்டீர்கள். பத்து நாளோ இரண்டு வாரமோ, வேறொரு நாட்டில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் தெருவில் படுத்துறங்குகிறவர்களுக்கும் ஊழியம். உள்ளத்தில் பாரம் இருக்கிறது, போகவேண்டும் என்ற வாஞ்சையும் இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்க்கப்போகிறவர்கள் ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்டவர்கள். ஆயத்தமில்லாமல் போனால் அவர்களுக்கு இன்னொரு காயத்தை வைத்துவிட்டு வந்துவிடுவோம். அந்த ஊரில் வருஷம் முழுவதும் இதே வேலையைச் செய்கிற ஊழியர்கள் இருக்கிறார்கள். நீங்கள் போவது அவர்களுக்குக் கைகொடுக்கத்தான். இதை மட்டும் மறக்காமல் இருந்தால் கீழே சொல்லியிருக்கிற பாதி விஷயங்கள் தாமாகவே புரிந்துவிடும்.

யார் அழைத்தார்கள் என்று கேளுங்கள்

விமானச் சீட்டு எடுக்கும் முன், குறைந்தது ஆறு மாதம் முன்னதாகவே, அங்கே வேலை செய்கிற சபையோடு அல்லது அமைப்போடு நேராகப் பேசுங்கள். நடுவில் இருக்கிற ஏற்பாட்டாளர் சொன்னது மட்டும் போதாது. மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்களால் உங்களுக்கு என்ன வேலை ஆகவேண்டும்? நாங்கள் வராவிட்டால் அதை யார் செய்வார்கள்? உள்ளூர் ஆளுக்குக் கூலி கொடுத்துச் செய்யக்கூடிய வேலையா?

மூன்றாவது கேள்வி முக்கியம். பதினைந்து பேர் பறந்து போய் ஒரு சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு வருகிற பயணங்கள் நிறைய நடக்கின்றன. அந்த விமானச் செலவில் ஒரு பகுதியை வைத்தே உள்ளூர்ப் பெயின்டருக்குக் கூலி கொடுக்கலாம், அவர் வீட்டிலும் அடுப்பு எரியும். மாறாக, "எங்கள் ஊழியர்கள் ஒரு வருஷமாக ஓய்வெடுக்கவில்லை, சமையலறையையும் இரவு உணவு விநியோகத்தையும் நீங்கள் பார்த்துக்கொண்டால் அவர்களை முறைவைத்து விடுப்பில் அனுப்புவோம்" என்று பதில் வந்தால், சரி, அது உண்மையான தேவை. சில சமயம் "இந்த வருஷம் வரவேண்டாம், பணமாக அனுப்பினால் உதவியாக இருக்கும்" என்றும் சொல்வார்கள். அந்தப் பதிலையும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ள மனதைத் தயார்செய்துகொண்டு கேளுங்கள்.

அநாதை இல்லங்களைப் பற்றி முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாகப் போகிறவர்களில் அநேகருக்கு இது தெரியாது, தெரிந்தால் அதிர்ச்சியாக இருக்கும். உலகமெங்கும் அநாதை இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-இல் எழுதியது. வறுமை, பள்ளிச் செலவு, ஊனம், வீட்டில் சண்டை என்று ஏதோ ஒரு காரணத்தால் பிள்ளை அங்கே வந்திருக்கும். பார்க்க வருகிறவர்களும் காணிக்கையும் பெருகப் பெருக, இல்லத்தை நிரப்புவதற்கென்றே கிராமங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்களும் சில நாடுகளில் முளைத்தார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டம் கொண்டுவந்த சமயத்தில் இதை ஆள்கடத்தலின் ஒரு வகையாகவே எடுத்துப் பேசியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும், இல்லங்களுக்குத் தொண்டர்களாகவும் சுற்றுலாவாகவும் போகும் வழக்கத்தால் பிள்ளைகளுக்கு வரும் கேட்டைத் தீர்மானத்தில் குறிப்பிட்டது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு 2010 ஜனவரியில் ஹைட்டியில் நடந்தது சாட்சி. பூகம்பத்துக்குப் பிறகு, அமெரிக்கச் சபை விசுவாசிகள் பத்துப் பேர் 33 பிள்ளைகளை உரிய ஆவணங்கள் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பார்த்தார்கள், கைது செய்யப்பட்டார்கள். காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் அதைச் செய்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீங்கள் ஒரு இல்லத்துக்குள் நுழைகிறீர்கள். நான்கு வயதுக் குழந்தை ஒன்று ஓடிவந்து, உங்களை முன்பின் பார்த்ததே இல்லாமல், காலைக் கட்டிக்கொண்டு மடியில் ஏறுகிறது. "எவ்வளவு பாசம்!" என்று கண் கலங்குகிறது. வீட்டில் வளர்கிற நான்கு வயதுப் பிள்ளையோ புது ஆளைக் கண்டால் பெரும்பாலும் அம்மாவின் சேலைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்ளும். யாரிடமும் ஒட்டிக்கொள்கிற அந்தக் குணம், ஒருவரோடும் நிலைத்த பிணைப்பு உண்டாகாத பிள்ளைகளிடம் காணப்படுகிற ஒரு அடையாளம். ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய புக்காரெஸ்ட் ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பல வருஷம் பின்தொடர்ந்தது. வளர்ப்புக் குடும்பங்களுக்கு, அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே, போன குழந்தைகள் பல விதங்களில் தேறினார்கள். ஆகவே இரண்டு வாரம் கொஞ்சிவிட்டுக் கிளம்புகிற நாம், அந்தப் பிள்ளை எண்ணிக்கொண்டிருக்கும் "போய்விட்டவர்கள்" பட்டியலில் இன்னொருவராகச் சேர்கிறோம். அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் தமிழ்நாட்டின் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அம்மாவாக இருக்க முடிந்ததற்குக் காரணம், 1895-இல் இந்தியா வந்தவர் 1951-இல் மறையும்வரை ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. பிள்ளைக்குத் தேவை அப்படித் தங்குகிற ஆள்.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம், இடத்தைப் பார்த்து. பிள்ளையைக் குடும்பத்தோடு வைத்துத் தாங்குகிற ஊழியங்களைத் தேடுங்கள்: பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு, தெருப் பிள்ளைகளுக்கான பகல்நேர மையம், வளர்ப்புப் பெற்றோருக்கு உதவும் அமைப்பு, தாய்மாருக்குத் தொழில் பழக்கும் இடம். இல்லமாகவே இருந்தால் இதைக் கேளுங்கள்: அரசுப் பதிவு இருக்கிறதா, ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்தையும் தேடிப் பார்த்தீர்களா, கடந்த வருஷம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள். பதில் மழுப்பலாக வந்தால் விலகுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வருகிற யாரையும் பிள்ளைகளோடு விடுகிற இடத்திலிருந்தும் விலகுங்கள்.

பிள்ளைகள் பாதுகாப்பு: இதில் தயவுதாட்சண்யம் கிடையாது

குழுவில் ஒவ்வொருவருக்கும் காவல்துறை நன்னடத்தைச் சான்று வேண்டும். போதகருக்கும் வேண்டும், போதகரின் மகனுக்கும் வேண்டும். "நம்ம சபை ஆள்தானே" என்ற பேச்சு எழும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்ய நினைக்கிறவன் தேடுவது இப்படி நம்பிக்கை எளிதில் கிடைக்கும் இடத்தைத்தான்.

எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், அவர்களில் ஒருவர் உள்ளூர் ஊழியராக இருந்தால் நல்லது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாம் அவர்களுடைய வேலை, உங்களுடையது இல்லை. பிள்ளை தானாகத் தோளில் சாய்ந்தால் தள்ளிவிடவேண்டாம், ஆனால் தொடுவதை நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். தனியாக ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு, போன் நம்பர், சமூக ஊடக நட்பு எதுவும் கூடாது.

அப்புறம் படம். முகம் தெரிகிற படமே எடுக்கவேண்டாம் என்பது என் கருத்து. சபையில் காட்ட ஏதாவது வேண்டுமென்றால் கைவேலைகளை எடுங்கள், பிள்ளைகள் வரைந்த ஓவியங்களை எடுங்கள், சமையலறையை எடுங்கள். வன்முறைக்குத் தப்பி ஒளிந்து வாழ்கிற தாயும் பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். ஊர்ப் பெயரோடு போட்ட ஒரே படம் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு பிள்ளை உங்களிடம் தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் நிதானமாகக் கேளுங்கள். துருவிக் கேள்வி கேட்காதீர்கள், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். அந்தப் பொறுப்பாளர் யார் என்பது கிளம்பும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

காகிதங்கள், ஊசி, காப்பீடு

திரும்பும் தேதிக்கு அப்பால் ஆறு மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. சுற்றுலா விசாவில் போய்த் தொண்டு வேலையோ பிரசங்கமோ செய்வது பல நாடுகளில் குற்றம். "எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்" என்று ஏற்பாட்டாளர் சொன்னால் நம்பாதீர்கள், தூதரகத்தில் கேளுங்கள். மதமாற்றம் பற்றிய சட்டத்தையும் படியுங்கள். நேபாளத்தில் 2018 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கிற குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றுவதற்கு ஐந்து வருஷம்வரை சிறை, வெளிநாட்டவர் என்றால் அதன்பின் நாடு கடத்தல். நீங்கள் மாட்டிக்கொண்டாலும் கடைசியில் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள், உங்களைக் கூப்பிட்ட உள்ளூர்ச் சபைதான் மாட்டிக்கொண்டு நிற்கும்.

குழுவில் மருத்துவர், நர்ஸ் இருந்தாலும் அந்த நாட்டின் அனுமதி இல்லாமல் சிகிச்சை செய்யக்கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் வந்தால் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்றளித்த சம்மதக் கடிதம் எடுத்துச் செல்லுங்கள்.

பயண மருத்துவரை ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே பாருங்கள். ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு, டெட்டனஸ் பற்றிக் கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். 2016-இலிருந்து அது ஆயுள் முழுவதற்கும் போதும். மலேரியா உள்ள இடமென்றால் தடுப்பு மாத்திரையைப் போகும் முன்னே தொடங்கி, திரும்பிய பிறகும் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிடவேண்டும். தெருவில் வேலை என்றால் நாய்க்கடிக்கு வாய்ப்புண்டு. கடித்தால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். உங்கள் சொந்த மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, வாங்கிய பெட்டியிலேயே வையுங்கள். கோடீன் கலந்த வலி மாத்திரைக்குச் சில நாடுகளில் முன்அனுமதி தேவை. காப்பீட்டில் அவசரமாக விமானத்தில் கொண்டுவரும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பணமும் பொருளும்

உங்கள் செலவுக் கணக்கில் விமானம், விசா, தங்குமிடம் ஆகியவற்றோடு ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: அழைத்த அமைப்புக்கான காணிக்கை. உங்களைக் கூட்டிப்போக, மொழிபெயர்க்க, சாப்பாடு போட அவர்கள் தங்கள் ஆட்களின் நேரத்தைத்தான் செலவழிக்கிறார்கள்.

பழைய துணி மூட்டைகளைச் சுமந்து போகாதீர்கள். என்ன வேண்டும் என்று கேட்டு, அங்கேயே கடையில் வாங்குங்கள். தனிநபர் கையில் பணம் கொடுப்பதை உள்ளூர் ஊழியர்களின் தீர்மானத்துக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் இரக்கப்பட்டு ஒருவருக்குக் கொடுத்தது மறுநாள் அந்த ஊழியரின் வாசலில் இருபது பேரைக் கொண்டுவந்து நிறுத்தும். அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள்.

பிள்ளைகளோடு இருக்கும்போது

அவர்களுடைய மொழியில் வணக்கம், பெயர் என்ன, தண்ணீர், அழகாக இருக்கிறது, மன்னியுங்கள், நன்றி என்று ஒரு ஐம்பது வார்த்தையாவது கற்றுக்கொண்டு போங்கள். தப்பாக உச்சரித்தால் பிள்ளைகள் சிரித்துத் திருத்துவார்கள். யாருமே கேட்காத பிள்ளைகள் அங்கே ஆசிரியர் ஆகிறார்கள், அது நல்லது.

வகுப்பை நடத்துவது உள்ளூர் ஆசிரியராக இருக்கட்டும். நீங்கள் பென்சில் சீவுங்கள், பசை எடுத்துக் கொடுங்கள், பின்வரிசையில் உட்கார்ந்து பாட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மனதில் "நம்ம டீச்சர்" மீது மதிப்பு கூடும்படி நடந்துகொள்வதுதான் நீங்கள் விட்டுவரக்கூடிய நல்ல காரியம். விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தப்போகிறீர்கள் என்றால் பாடங்களை முன்கூட்டி அவர்களுக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்பா குடித்து அடிக்கிற வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்குத் தகப்பன் என்ற வார்த்தையே பயமாக இருக்கலாம். எந்தக் கதையை எப்படிச் சொல்வது என்பது கூட இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் எந்த நாளில் கிளம்புகிறீர்கள் என்பதை வந்த முதல் நாளே சொல்லிவிடுங்கள். காலண்டரில் காட்டுங்கள். தூங்கும்போது சொல்லாமல் நழுவுவதும் கூடாது, அழுது கட்டிப்பிடித்து நாடகம்போல ஆக்குவதும் கூடாது. "அடுத்த வருஷம் வருவேன்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். பிள்ளை அதை நாள் எண்ணிக் காத்திருக்கும்.

தெருவில் வாழ்கிறவர்களிடம் போகும்போது

முதல் இரவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கடை ஷட்டர் ஓரமாக ஒருவர் அட்டைப்பெட்டியை விரித்துப் போர்வைக்குள் இருக்கிறார். பக்கத்தில் ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஜோடியாகக் கழற்றி வைத்த செருப்பு. உங்களோடு வந்த உள்ளூர் ஊழியர் நாலடி தள்ளியே நிற்கிறார். குரல் கொடுக்கிறார். பதில் வந்த பிறகுதான் கிட்டே போய், குத்தவைத்து உட்கார்ந்து, முகத்துக்கு நேர் மட்டத்தில் பேசுகிறார். அட்டையின் மேல் காலை வைக்கவில்லை, ஏனென்றால் அது அவருடைய வீடு. "ஐயா, கால் புண் எப்படி இருக்கிறது?" என்கிறார். சாப்பாட்டுப் பொட்டலம் கடைசியில்தான் கைமாறுகிறது. இதைத்தான் பார்த்துப் பழகவேண்டும். முதல் இரண்டு மூன்று இரவுகள் பேசாமல் கூடவே நடந்தாலே போதும்.

தூங்குகிறவரை எழுப்பாதீர்கள். ஆனால் கடுங்குளிரில் ஒருவர் நடுங்காமல், குழறிப் பேசிக்கொண்டு, தள்ளாடினால் குடிபோதை என்று விட்டுவிடவேண்டாம். உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கினாலும், சர்க்கரை குறைந்தாலும் அப்படித்தான் இருக்கும். உள்ளூர் ஊழியரிடம் உடனே சொல்லுங்கள், அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அது 112.

எடுத்துப்போகும் பொருள்களில் பலரும் நினைக்காதது சாக்ஸ். ஈரக் காலோடே நாள்கணக்கில் நடப்பதால் பாதம் வெளுத்து, உரிந்து, புண்ணாகும். காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி பல நேரம் போர்வையைவிட உதவும். சாப்பாடு எளிதில் மெல்லக்கூடியதாக இருக்கட்டும். பல் போனவர்கள் அநேகர், ஆப்பிள் கொடுத்தால் பைக்குள் கிடந்து அழுகும். டின் உணவு என்றால் கையால் திறக்கக்கூடியது. பெண்களுக்கு நாப்கினை, கேட்கும் முன்பே, தனி உறையில் பெண் ஊழியர் கையால் கொடுங்கள்.

ஜெபத்தைப் பற்றி. சாப்பாட்டுக்கு முன் பிரசங்கம் கேட்டே ஆகவேண்டும் என்று பசித்தவரை உட்காரவைக்காதீர்கள். சாப்பாட்டைக் கொடுங்கள், பேசுங்கள், "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் புன்னகையோடு விடுங்கள், மறுநாளும் அதே பொட்டலம் அவருக்கு உண்டு. சரி என்றால் அவருடைய பெயரைச் சொல்லி, சுருக்கமாக ஜெபியுங்கள். தலையில் கைவைக்கும் முன் அதற்கும் கேளுங்கள்.

"குடிக்கிறவருக்கு எதற்கு வீடு? முதலில் திருந்தட்டும்" என்று குழுவில் யாராவது சொல்வார்கள். நியூயார்க்கில் 1992-இல் தொடங்கிய ஒரு முயற்சி இதைத் திருப்பிப் போட்டது: முதலில் வீடு, அப்புறம் மற்றது. பின்லாந்து 2008-இலிருந்து அதை நாட்டுக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டு, நெடுநாள் வீடில்லாமல் இருந்தவர்களின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது. கதவுக்குப் பூட்டும் தலைக்கு மேல் கூரையும் கிடைத்த பிறகு குடியை விட முயல்வது சுலபம். நீங்கள் போகும் இடத்து ஊழியர்கள் இந்த வழியில் நடந்தால் அவர்களோடு வாதாடாதீர்கள்.

ஒவ்வொரு இரவும், திரும்பிய பிறகும்

படுக்கப்போகும் முன் அரைமணி நேரம் குழுவாக உட்காருங்கள். இன்றைக்கு எது பாதித்தது, நாளைக்கு எதை மாற்றவேண்டும், யாருக்கு உடம்பு சரியில்லை. அதன்பின் ஜெபம். ஒருவர் பேசாமலே இருந்தால் தலைவர் அவரைத் தனியாக விசாரிக்கட்டும். ஐந்தாவது ஆறாவது நாளில் சலிப்பும் சிடுசிடுப்பும் வரும். அது பெரும்பாலும் தூக்கக்குறைவுதான், ஒரு அரைநாள் ஓய்வை அட்டவணையிலேயே முதலில் எழுதிவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். அங்கே இருக்கிற ஊழியர்களைப் பற்றிப் பேசுங்கள், அவர்களுடைய வேலையையும் தேவையையும் சொல்லுங்கள். பிள்ளைகளின் சோகக்கதையை, அந்தப் பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் சொல்லமாட்டீர்கள் என்றால், இப்போதும் சொல்லாதீர்கள். சிலருக்கு முதல் சில வாரம் மனம் எதிலும் ஒட்டாது, கடைத்தெருவில் நின்றால் கோபம் வரும். குழுவில் இருந்தவர்களோடு பேசுங்கள். மாதக்கணக்கில் நீடித்தாலோ, கனவில் வந்து வந்து எழுப்பினாலோ ஆலோசகரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

ஒரு மாதத்துக்குள் அழைத்த அமைப்புக்குக் கடிதம் எழுதி, நாங்கள் வந்ததில் எது உதவியது, எது பாரமாக இருந்தது என்று கேளுங்கள். மரியாதைக்காக "எல்லாம் நன்றாக இருந்தது" என்பார்கள், அதனால் எது பாரமாக இருந்தது என்பதை இரண்டாவது முறையும் கேளுங்கள். மாதந்தோறும் சிறு தொகை, ஒரு வருஷத்துக்காவது, தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள். ஒரு உள்ளூர் ஆசிரியரின் சம்பளத்தில் அது சேரட்டும். அடுத்த பயணத்துக்குத் தேதி குறிப்பதை அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.